முதலில் சாக்பீஸ், பிறகு மேசை: செட்டிநாட்டில் சாப்பாட்டு அறை அமைக்க வருகிறவர்களுக்கு

டைனிங் டேபிள் வாங்கக் கிளம்பிவிட்டேன் என்று யாராவது சொன்னால், ஒரு சாக்பீஸும் இஞ்ச் டேப்பும் மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்றுதான் நான் சொல்வேன். சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவன வேலைக்கும் அழகப்பா பல்கலைக்கழக வேலைக்கும் காரைக்குடிக்குக் குடிவருகிறவர்கள், சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பி ஊரில் வீடு கட்டுகிறவர்கள் என்று பலருக்கு வீடு ஒழுங்கு செய்ய உதவியிருக்கிறேன். எல்லோருக்கும் செட்டிநாட்டு வீடு மாதிரி வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அந்த ஆசை தூணிலும் சித்திர வேலையிலும் போய் நிற்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கல்யாணமான புதிதில் நாங்கள் கட்டிய வீட்டில் சாப்பாட்டு அறை பத்தடிக்கு ஒன்பதடி. கடையில் பார்த்ததும் பிடித்துப்போய், எட்டுப் பேர் உட்காரும் ஏழடி மேசையை அளக்காமல் வாங்கினேன். பொங்கலுக்கு ஊரிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். அடுப்படி வாசலில் நின்று பார்த்த அப்பத்தா கேட்டார்கள்: "ஏத்தா, சாப்பிடுறவுகளுக்கு இடம் பாத்திருக்கே. பரிமாறுறவ எங்கிட்டு நடப்பா?" நான் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்து ரசம் ஊற்றினேன். சூடான ரசம் நாத்தனார் மகனின் தோளில் சிந்திவிட்டது. பெரிய காயம் இல்லை. ஆனால் பிள்ளை அழுத அழுகையும் அப்பத்தாவின் கேள்வியும் எனக்கு மறக்கவில்லை. அந்த மேசை இப்போது அண்ணன் வீட்டுப் பெரிய கூடத்தில் இருக்கிறது.

சாப்பாட்டு அறை, சாப்பிடுகிறவருக்கு எவ்வளவோ அவ்வளவு பரிமாறுகிறவருக்கும் உரியது. கையில் சூடான பாத்திரத்தோடு ஒருவர் தாராளமாக நடக்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மேசை அளவு, விளக்கின் உயரம், தரை, சுவர் எல்லாம் ஒவ்வொன்றாகத் தானே முடிவாகும்.

முதல் வாரம் எதுவும் வாங்க வேண்டாம்

குடிபோன வீட்டில் ஒரு வாரம் தரையில் பாய் விரித்துச் சாப்பிடுங்கள். மதியம் ஒன்றரை மணிக்கு வெயில் எந்த ஜன்னல் வழியாக விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது, அடுப்படியிலிருந்து சாப்பிடும் இடத்துக்கு எத்தனை முறை நடக்கிறீர்கள், எந்த மூலையில் இடித்துக்கொள்கிறீர்கள் என்று கவனியுங்கள். சிவகங்கைச் சீமை வெயிலில் மேற்குச் சுவர் ஓரம் உட்கார்ந்து சாயங்காலம் எதுவும் சாப்பிட முடியாது. நான்கு மணிக்கு மேல் அந்தச் சுவர் அடுப்பு மாதிரி கொதிக்கும். இதை எந்தக் கடைக்காரரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் ஒதுக்கி ஆத்தங்குடி பெரிய வீட்டையும் கானாடுகாத்தான் தெருக்களையும் பார்த்து வாருங்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்தது. அந்தப் பெருமை கண்ணை மறைத்துவிடாமல் பார்க்க வேண்டும். பர்மா தேக்குத் தூண், இத்தாலி சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் தரையைப் பாருங்கள். முகப்பு, வளவு என்ற நடு முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே நேர்கோட்டில் வழி போகும். பந்தி நடந்த கூடம் நீளமாக, வெறுமையாக இருக்கும். அங்கே நிலையாகப் போட்ட சாமான் கொஞ்சம்தான். பந்திப் பாய் சுருட்டி ஓரத்தில் நிற்கும். தடுக்கும் மணையும் தேவைப்படும்போது வரும், வேலை முடிந்ததும் போகும். அத்தனை செல்வம் வைத்திருந்தவர்கள் சாப்பிடும் கூடத்தில் வாங்கி வைத்தது வெற்றிடத்தைத்தான். நம் வீட்டுக்கு எடுத்துவர வேண்டியதும் அதைத்தான்.

சாக்பீஸால் மேசை வரையுங்கள்

இனி கணக்கு. தட்டில் சாப்பிட ஒருவருக்கு மேசை ஓரத்தில் 2 அடி அகலம் போதும். கடைகளில் சொல்லும் நாலு பேர் மேசை, ஆறு பேர் மேசை எல்லாம் இந்தக் கணக்கில் செய்தவை. ஆனால் நம் வீட்டில் விசேஷம் என்றால் தலைவாழை இலை. ஓர் இலை 2 அடி நீளமும் ஓரடி அகலமும் பிடிக்கும். 5 அடிக்கு 3 அடி மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். நீள ஓரங்களில் இரண்டிரண்டு பேர், தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் என்று தட்டுக்கு ஆறு பேர் உட்காரலாம். இலை போட்டால் கால்மாட்டுக்காரரின் இலை பக்கத்தில் இருப்பவரின் இலைமேல் ஏறும். அந்த மேசையில் இலைச் சாப்பாட்டுக்கு ஐந்து பேர்தான். ஆறு இலை விழ வேண்டுமானால் 6 அடிக்கு 3 அடி வேண்டும். அகலத்தை 3 அடிக்குக் கீழே குறைக்காதீர்கள். எதிரெதிர் இலைகள் இரண்டடியை எடுத்துக்கொண்டால், நடுவில் மிஞ்சும் ஓரடியில்தான் தண்ணீர்ச் செம்பும் நெய்க்கிண்ணமும் உட்கார வேண்டும்.

மேசையை வரைந்தாயிற்றா? அதைச் சுற்றி இன்னொரு கோடு போடுங்கள். ஒருவர் நாற்காலியைப் பின்னே தள்ளி எழுந்திருக்க, மேசை ஓரத்திலிருந்து சுவர்வரை 3 அடி வேண்டும். பரிமாறுகிறவர் நடக்கும் பக்கத்தில் 4 அடி. உட்கார்ந்திருப்பவர் இரண்டடியை அடைத்துக்கொள்வார், மிச்ச இரண்டடியில்தான் குழம்புச் சட்டியோடு நடை. மேசை 3, ஒருபக்கம் 3, மறுபக்கம் 4, ஆக 10 அடி அகலம். நீளத்தில் 5 அடி மேசைக்கு இரு தலைப்பிலும் இரண்டரை அடி விட்டால் அதுவும் 10 அடி.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. தரைப் பந்திக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்மணமிட்டு உட்காருகிறவருக்கு இரண்டரை அடி, இலைக்கு ஓரடி, நடுவில் பரிமாறும் வழி 3 அடி, எதிர்வரிசை இலைக்கு ஓரடி, எதிரில் உட்காருகிறவருக்கு இரண்டரை. கூட்டினால் 10 அடி. மேசையோ பாயோ, நம் சாப்பாட்டுக்குப் பத்தடி வேண்டியிருக்கிறது.

உங்கள் அறை அதைவிடச் சிறியதா? அப்படியானால் மேசையின் ஒரு நீளப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவிடுங்கள். அந்தப் பக்கம் ஆள் வேண்டாம். மறுபக்கத்தில் நாற்காலிக்குப் பதில் பெஞ்சு போட்டால், சாப்பிட்டு முடித்ததும் அதை மேசைக்கு அடியில் தள்ளிவிடலாம். நான்கு பேர் குடும்பத்துக்கு 4 அடி வட்ட மேசையும் நல்லதுதான், மூலை இல்லாததால் சுற்றி நடக்க எளிது. இலை மட்டும் வட்டத்தில் ஒழுங்காக உட்காராது.

கோடு போட்ட பிறகு இரண்டு நாள் அதற்குள் வாழ்ந்து பாருங்கள். நாற்காலி இருக்கும் இடத்தில் அட்டைப்பெட்டியோ ஸ்டூலோ வையுங்கள். கையில் தண்ணீர் நிரம்பிய பாத்திரம் எடுத்துக்கொண்டு சுற்றி வாருங்கள். தண்ணீர் சிந்தும் இடத்தில் இடம் போதவில்லை என்று அர்த்தம்.

மேசையும் நாற்காலியும்

மேசை உயரம் 30 இஞ்ச், நாற்காலி உட்காருமிடம் 18 இஞ்ச். நடுவில் இந்த 12 இஞ்ச் வித்தியாசம் கெட்டால் தொடை இடிக்கும், அல்லது தோளைத் தூக்கிக்கொண்டு சாப்பிட வேண்டியிருக்கும். கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்குத் தோள் தாழ்ந்திருப்பது முக்கியம். கடைக்கு டேப் எடுத்துப் போங்கள். மேசைப் பலகைக்குக் கீழே ஓடும் சட்டத்தையும் அளந்து பாருங்கள். சித்திரச் சட்டம் அழகாக இருக்கும், ஆனால் அது 5 இஞ்ச் இறங்கினால் முழங்கால் இடிக்கும். வீட்டு வாசல் நிலையின் அகலத்தையும் எழுதி எடுத்துப் போங்கள்.

கைவைத்த நாற்காலி பெரியவர்கள் எழுந்திருக்க உதவும். வீட்டில் முழங்கால் வலி உள்ள அம்மாவோ மாமனாரோ இருந்தால் அப்படி ஒன்றிரண்டு போதும், எல்லா நாற்காலிக்கும் கை வேண்டாம். மெத்தை வைத்துத் தைத்த நாற்காலியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மஞ்சள் கறையும் எண்ணெயும் ஏறினால் போகாது. பிரம்புப் பின்னல் காற்றோட்டமானது, தளர்ந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம்.

மேசைக்குத் தேக்கு சிறந்தது என்பதில் சந்தேகமில்லை. கையில் பணம் குறைவென்றால் வேம்பு, பலா போன்ற மரங்களில் நம்மூர் ஆசாரியிடம் சொல்லிச் செய்யலாம். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. பச்சை மரத்தில் செய்த பலகை இந்த வறண்ட வெயிலில் இரண்டு சித்திரைக்குள் வளைந்து விரிசல் விடும். பாலிஷ் என்ன போடுகிறார்கள் என்று கேளுங்கள். அரக்கு கரைத்துப் போடும் ஸ்பிரிட் பாலிஷ் பளபளப்பாக இருக்கும், சூடான சட்டி வைத்தால் வெள்ளை வளையம் விழும். நாலு பிரிமணை வாங்கி எப்போதும் மேசைமேல் வைத்திருங்கள். நார்ப் பிரிமணையைவிட நல்ல பொருள் எந்தக் கடையிலும் இல்லை.

பழைய சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கடைக்குள் நுழைந்தால் நேரம் போவது தெரியாது. எனாமல் தூக்குச்சட்டி, கணக்குப்பெட்டி, பெட்டகம், சாய்வு நாற்காலி, ரவிவர்மா அச்சுப்படம், ஜாடி, மரவை என்று குவிந்து கிடக்கும். முதல்முறை போகும்போது எதுவும் வாங்காமல் திரும்புங்கள்.

இரண்டாம் முறை போகையில் மரச்சாமானைக் கவிழ்த்துப் பாருங்கள். பாலிஷ் மேல்பக்கத்தில்தான் இருக்கும், அடிப்பக்கம் மறைக்காது. பழைய மரத்தின் அடிப்பக்கம் ஒரே சீராக மங்கியிருக்கும். இடையில் ஒரு சட்டம் மட்டும் வெளிறித் தெரிந்தால் அது பின்னால் மாற்றியது. அது குற்றமில்லை, ஆனால் அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும். காலை விரலால் தட்டுங்கள். சின்னத் துளைகளிலிருந்து மாவு மாதிரி தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது, எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வெறும் துளை, தூள் இல்லை என்றால் பழைய காயம், மருந்து அடித்து வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்குள் ஒன்று செருகி மரமுளை அடித்த இணைப்பா, ஆணியும் கோந்துமா என்றும் பாருங்கள். முளை அடித்ததை ஆசாரி கழற்றி மறுபடி இறுக்கிவிடுவார்.

பழைய கதவை மேசையாக்கிக் கண்ணாடி போட்டு விற்கிறார்கள். தினம் சாப்பிடும் மேசைக்கு அது வேண்டாம். கண்ணாடி ஓரத்தில் சோற்றுப் பருக்கையும் எறும்பும் சேரும், சித்திர வேலைக்குள் குழம்பு இறங்கும். அதைவிட முக்கியமான இன்னொரு காரணம் எனக்கு உண்டு. அந்தக் கதவு ஏதோ ஒரு வீட்டு நிலையிலிருந்து பிரித்தது. வாரிசுகள் பத்து ஊரில் இருக்க, பராமரிக்க முடியாமல் வீட்டைப் பிரித்து விற்கிறார்கள். அதில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தூணையும் நிலையையும் நாம் அலங்காரத்துக்கு வாங்க வாங்க, பிரிக்கும் வேகம் கூடுகிறது. நாற்காலி, பெட்டகம், பாத்திரம் என்று கையில் தூக்கிப் போகக்கூடிய சாமானை வாங்குங்கள். வீட்டின் உறுப்பாக இருந்ததை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அதைத் தூணாகவும் கதவாகவும் மறுபடி நிறுத்துங்கள்.

எனாமல் பாத்திரம் பற்றி ஓர் எச்சரிக்கை. ஸ்வீடன், ஜப்பான் என்று வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து சீர் வரிசையில் பரப்பியவை அவை. பழைய எனாமல் வண்ணங்களில் ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கலாம். மேல்பூச்சு உதிர்ந்த பாத்திரத்தில் சாப்பாடு வைக்கக் கூடாது, புளி, எலுமிச்சை சேர்ந்ததை வைக்கவே கூடாது. செடி வைக்க, கரண்டி போட்டு வைக்க, சுவரில் வரிசையாக மாட்ட அவை போதும். பித்தளைப் பாத்திரத்தில் பரிமாறுவதென்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் அதில் ரசமும் மோரும் ஊற்றாதீர்கள்.

தரை: ஆத்தங்குடிக் கல்

புதிதாகத் தரை போடுகிறவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். இங்கேதான் பலர் பணத்தைக் கொட்டிவிட்டு வருத்தப்படுகிறார்கள்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் வெந்தது இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் சட்டம் வைத்து, அதற்குள் தகர அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்கியதும் மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கும்மேல் ஈரக் கலவையை நிரப்பி அழுத்துவார்கள். பிறகு சில நாள் தண்ணீரில் ஊற வேண்டும். கண்ணாடியைப் பிரித்தால், கண்ணாடியின் வழவழப்பு கல்லில் இறங்கியிருக்கும். பட்டறைக்கு நேரில் போங்கள், ஒரு கல் உருவாவதை நின்று பாருங்கள். அப்போதுதான் அது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று கைக்குத் தெரியும். அடிப்படையில் அது சிமெண்டு. அதனால் புளிப்புக்கு ஆகாது.

பத்துக்குப் பத்து அறைக்கு 10 இஞ்ச் கல் என்றால் 144 கல், 8 இஞ்ச் என்றால் 225. உடைசலுக்கும் ஓரவெட்டுக்கும் நூற்றுக்குப் பத்து கூட்டி ஒரே தடவையில் வாங்குங்கள். கைவேலை என்பதால் அடுத்த தடவை அதே சிவப்பு வராது. மிச்சக் கல்லைக் கட்டிலுக்கடியில் பத்திரமாக வையுங்கள், பத்து வருஷம் கழித்து ஒரு கல்லை மாற்ற வேண்டி வரும். கல் முக்கால் இஞ்சுக்குக் குறையாத கனம், அதன்கீழ் கலவையும் உண்டு. கதவு தரையில் உரசாமல் இருக்கக் கொத்தனாரிடம் முன்கூட்டியே மட்டம் சொல்லிவிடுங்கள்.

வடிவம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு யோசனை. நடுவில் பெரிய பூக்கோலம் போல் வரும் வடிவத்தைச் சாப்பாட்டு அறையில் போட்டால் மேசை அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அதை ஹாலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு அறைக்கு அரக்குச் சிவப்பு, பச்சை, கறுப்பு கலந்த நெருக்கமான சின்ன வடிவம் நல்லது. குழம்புத் துளி உடனே உறுத்தாது. சுற்றிலும் பார்டர் போடுவதென்றால் பரிமாறும் வழி எதுவோ அதை ஒட்டி ஓடவிடுங்கள். நடை தானாக அந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்ளும், நாற்காலிகளும் அதைத் தாண்டாமல் நிற்கும்.

கல் பதிப்பது கடைசி வேலைகளில் ஒன்றாக இருக்கட்டும். மின்வேலை, குழாய் வேலை, பூச்சு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பெயிண்ட் சொட்டினால் கல் குடித்துவிடும். இடைவெளி விடாமல் ஒட்டி ஒட்டிப் பதிக்கத் தெரிந்த கொத்தனார் வேண்டும். இரும்புச் சுத்தியலால் தட்டினால் விளிம்பு தெறிக்கும். பதித்த முதல் மாதங்களில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூக்கலாம். சிமெண்டிலிருந்து கிளம்பும் உப்புதான், துடைக்கத் துடைக்கப் போய்விடும். பயந்துபோய் ஆசிட் ஊற்றினால் தரை முடிந்தது. பாத்ரூம் கழுவும் ஆசிட் பாட்டிலை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கிரகப்பிரவேசத்துக்கு முதல்நாள் தரை பளிச்சென்று இருக்கட்டும் என்று யாரோ ஆசிட் போட்டுக் கழுவ, சிவப்புப் பூவெல்லாம் வெளுத்துத் தழும்பாகிவிட்டது. மாற்றுக் கல் கிடைத்தும் நிறம் சேரவில்லை.

தினம் வெறும் தண்ணீரில் நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். எப்போதாவது சில துளி தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைக்கலாம். வழுக்கும் அளவுக்கு வேண்டாம், கையில் சட்டியோடு நடக்கிற இடம். எலுமிச்சைச் சாறும் புளிக்குழம்பும் சிந்தினால் சாப்பிட்டு முடியட்டும் என்று விடக் கூடாது, உடனே துடைக்க வேண்டும். ஆள் நடக்க நடக்க இந்தக் கல்லுக்கு மெருகு ஏறும். பழைய வீடுகளில் அதிகம் நடந்த இடம்தான் அதிகம் மின்னும்.

வாடகை வீடு, வெள்ளை டைல்ஸ் தரை, மாற்ற முடியாது என்றால் கவலை வேண்டாம். பந்திப் பாயோ கோரைப் பாயோ விரித்தால் தரையின் வெறிப்பு அடங்கிவிடும்.

சுவர், விளக்கு, மின்விசிறி

செட்டிநாட்டுப் பூச்சு என்று புகழ்வது சுண்ணாம்பு, மணல், முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் சேர்த்துப் பல அடுக்காகப் பூசித் தேய்த்தது. பழைய வீட்டை வாங்கியவர்கள் அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். பெயிண்ட் அந்த வழியை அடைத்துவிட்டால், உள்ளே தேங்கும் ஈரம் பூச்சையே உரித்துத் தள்ளும். சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும். ஆணியும் அடிக்காதீர்கள், பூச்சு பெயரும். புதுச் சிமெண்டுச் சுவருக்கு எந்தப் பெயிண்டும் ஆகும். மோர் வெள்ளை, சந்தனம் போன்ற மென்மையான நிறம் எடுங்கள், தரையும் மரமும் பேசட்டும். மேசையை ஒட்டிய சுவரில் மட்டும் மூன்றடி உயரத்துக்குக் கழுவக்கூடிய பெயிண்ட் அடித்துவிடுங்கள், குழந்தை கை படும் இடம் அது.

விளக்கு மஞ்சள் வெளிச்சமாக இருக்க வேண்டும். பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வெள்ளை ட்யூப்லைட்டில் கத்தரிக்காய் கூட்டு சாம்பல் நிறமாகத் தெரியும். தொங்கும் விளக்கை மேசைப் பலகையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் மாட்டச் சொல்வார்கள். நம் வீட்டில் 3 அடிக்கு மேல் வையுங்கள். பரிமாறுகிறவர் இலைக்கு மேல் குனிகிறார், நெற்றியில் இடிக்கும். மின்விசிறி நேர் மேலே வேண்டாம். இலை பறக்கும், சோறு ஆறிவிடும். இரண்டடி தள்ளி மாட்டுங்கள். விசிறி இறக்கைக்கு மேலே விளக்கு வந்தால் வெளிச்சம் வெட்டி வெட்டி விழும், அதையும் மின்வேலைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

பரிமாறும் மேசையும் கை கழுவுமிடமும்

பணம் இருந்தால் இரண்டாவதாக வாங்க வேண்டியது இதுதான். அடுப்படி வாசலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில், சுவரோரமாக ஒரு குறுகலான மேசை. 3 அடி உயரம், ஒன்றே கால் அடி அகலம் போதும். நின்றபடி அள்ளிப் பரிமாறுவதற்கு அந்த உயரம். சோற்றுக்குண்டான், குழம்பு, கூட்டு எல்லாம் அதில் இறங்கிவிட்டால் அடுப்படிக்கு நடக்கும் நடை பாதியாகும், பரிமாறுகிறவரும் கடைசிப் பந்திவரை காத்திராமல் கூட உட்காரலாம். பழைய கணக்கு மேசை ஒன்று கிடைத்தால் இந்த வேலைக்கு அருமையாகப் பொருந்தும்.

கை கழுவும் பேசின் சாப்பாட்டு அறைக்குள் வேண்டாம். ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் கொப்பளிக்கும் சத்தம் கேட்கக் கூடாது. அறைக்கு வெளியே நாலைந்து எட்டில், எச்சில் கையோடு கதவுப் பிடியைத் தொடாமல் போகிற மாதிரி இருக்கட்டும். பக்கத்தில் குழந்தைகளுக்கு ஒரு சின்ன ஸ்டூல்.

மேசைமேல் போடக் காரைக்குடிக் கண்டாங்கித் துணி நன்றாக இருக்கும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. அப்பத்தாவின் கிழிந்த கண்டாங்கி ஒன்று பெட்டிக்குள் இருந்தால் நல்ல பாகத்தை வெட்டி மேசை விரிப்பாகத் தைக்கலாம், எங்கள் வீட்டில் அதுதான் இருக்கிறது. அரக்கிலும் கடுகு மஞ்சளிலும் வரும் கட்டத்தில் கறை தெரியாது, துவைக்கத் துவைக்க மிருதுவாகும். வெங்காயம், பழம், அப்பளம் போட்டு வைக்கப் பனையோலைக் கொட்டான் இரண்டு. இதற்குமேல் மேசையில் அலங்காரம் எதுவும் தேவையில்லை. நடுவில் உயரமான பூச்சாடி வைத்தால் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது, பரிமாறுகிற கையும் தட்டும்.

ஹாலும் மற்ற இடங்களும்

விசேஷ நாளில் மேசையில் எல்லோரையும் உட்கார வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். ஹாலில் பந்தி போடுங்கள். அதற்காக சோபாவை ஒரே சுவரோடு ஒட்டிப் போட்டு, நடுவில் அந்தப் பத்தடியைக் காலியாக வையுங்கள். 12 அடி நீள ஹாலில் வரிசைக்கு ஐந்து பேர், இரண்டு வரிசையில் பத்துப் பேர் சாப்பிடலாம். கண்ணாடி டீப்பாய் வாங்கி அந்த இடத்தை அடைக்காதீர்கள். தடுக்கு பத்தும், தரையில் உட்கார முடியாதவர்களுக்குப் பெஞ்சு ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

ஊஞ்சல் ஆசை உள்ளவர்கள் கான்கிரீட் போடும்போதே கொக்கியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடச் சொல்ல வேண்டும். பின்னால் துளைபோட்டு மாட்டுவதற்குப் பொறியாளரைக் கேட்காமல் துணியாதீர்கள். பலகை தரையிலிருந்து ஒன்றரை அடி, முன்னும் பின்னும் மூன்று மூன்றடி காலி. அந்த ஆட்டம் பந்தி வழியில் குறுக்கிட்டால் சங்கிலியைக் கழற்றிப் பலகையைச் சுவரில் சாய்க்க வழி வையுங்கள்.

வாசலில் நாலடி இடம் இருந்தாலும் திண்ணை கட்டுங்கள். ஒன்றரை அடி உயரம், இரண்டு அடி அகலம், மேலே ஆத்தங்குடிக் கல். செருப்புக்குத் திண்ணையின் கீழேயே மாடம் விட்டால் தனி அலமாரி வேண்டாம். படுக்கையறைக்கு நான் அதிகம் சொல்ல மாட்டேன். கட்டில், துணி வைக்கப் பழைய பெட்டகம் ஒன்று, படிக்க ஒரு விளக்கு. கட்டிலைச் சுற்றி இரண்டடி இருந்தால் போர்வை உதறலாம்.

மேசை வந்து இறங்கிய முதல் நாள், இலை போட்டே சாப்பிடுங்கள். வீட்டில் வழக்கமாகப் பரிமாறாத ஒருவர் அன்றைக்குப் பரிமாறட்டும். சாதம், குழம்பு, ரசம், மோர் என்று நான்கு சுற்று. எந்த நாற்காலியை அவர் இரண்டாம் முறையும் சுற்றிப்போகிறாரோ, அதை எடுத்து ஹாலில் போட்டுவிடுங்கள்.